எந்த நாள் கர்த்தருடைய நாள்?

(ஜொகூர் பாருவில் பல சபையாரும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதத்துக்கு விளக்கம் காண்பது எப்படி, அதிலிருந்து சபை ஓர் உபதேசத்தை வகுத்துக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். விளக்க நெறிகளை ஒன்று, இரண்டு என்று அடுக்கிச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். இறையியல் கல்லூரிப் புத்தகங்களில் அந்த வரிசை இருக்கிறது. நீங்களும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவீர்கள். ஆனால் ஜொகூர்க்காரர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. பதினோரு வருஷம் இந்தப் பாடம் உங்கள் வாசலிலேயே நடந்திருக்கிறது.

2014 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை அரசாங்க அலுவலகம் திறந்தது, பள்ளிக்கூட மணி அடித்தது. தனியார் கம்பெனிகள் தங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தால் அவருக்கு ஞாயிறு லீவு. பிள்ளைக்கு அன்று ஸ்கூல். ஒரே வீட்டில் இரண்டு வாரக் கணக்கு. 2025 ஜனவரி 1 முதல் பழையபடி சனி, ஞாயிறு திரும்பி வந்துவிட்டது. இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு இது புதுசும் அல்ல. 1990களின் தொடக்கம் வரை ஜொகூரில் வெள்ளிதான் விடுமுறை. கெடா, கிளந்தான், திரங்கானுவில் இன்றும் அப்படித்தான். சுங்கை பட்டாணியில் இருக்கும் நம் தமிழ்ச் சபையாரைக் கேட்டுப் பாருங்கள், ஞாயிறு காலை அவர்களுக்கு எப்படி விடிகிறதென்று.

அந்த ஆண்டுகளில் ஆராதனையை வெள்ளிக்கு மாற்றிய சபைகள் உண்டு. சனிக்கு மாற்றியவை உண்டு. ஞாயிறு மாலைக்குத் தள்ளியவை உண்டு. மாற்றியவுடன் கேள்வி வந்தது. 'வெள்ளிக்கிழமை கும்பிட்டால் அது கர்த்தருடைய நாள் ஆகுமா?' ஒருவர் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தைத் திறந்தார்: ஏழாம் நாளை ஆசரிக்கச் சொல்லியிருக்கிறது, ஆகவே சனிதான் சரி, ஞாயிறே தப்பு என்றார். இன்னொருவர் ரோமர் பதினான்கைத் திறந்தார்: நாளை விசேஷிப்பவனும் விசேஷிக்காதவனும் கர்த்தருக்கென்றே செய்கிறான், எந்த நாளானால் என்ன என்றார். மூன்றாமவர் அப்போஸ்தலர் நடபடிகள் இருபதைக் காட்டினார்: துரோவா பட்டணத்துச் சீஷர்கள் வாரத்தின் முதல் நாளில் கூடினார்கள், ஆகவே ஞாயிறு கட்டாயம் என்றார். மூன்றும் வேதவசனம்தான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே சபையில் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

வசனம் கையில் இருப்பது வேறு, உபதேசம் கையில் இருப்பது வேறு. இன்று நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

வசனத்தைத் தனியாகப் பிடுங்கி எடுக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? டிசம்பர் 31 இரவு ஆராதனையை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். எரேமியா 29:11 வந்தால் முகம் மலர்ந்துவிடும்; சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிடுவோம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தவர்கள் எத்தனை பேர்? அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கைதட்டல் வாங்குகிறான். எரேமியா சொன்னது எழுபது வருஷம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே செத்துப் போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன நம்பிக்கை அது. அதை எடுத்து இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரும் என்று படித்தால், எரேமியாவின் அட்டையில் நாம் அனனியாவின் செய்தியை வாசிக்கிறோம். நம் முன்னோர் கப்பலில் வந்து பால்மரக் காட்டில் இறங்கியவர்கள். இந்த அதிகாரம் முழுவதையும் படிக்க நம்மைவிடத் தகுதியுள்ளவர்கள் குறைவு. நாம் எடுத்துக்கொண்டதோ அதில் ஒரு வரி.

நாள் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுநாள் கட்டளை ஐந்தாகமங்களில் இரண்டு இடத்தில் பத்துக் கட்டளைகளோடு வருகிறது. யாத்திராகமத்தில் சொல்லும் காரணம் படைப்பு: ஆண்டவர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் காரணம் மாறுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன்னை விடுவித்தேன், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். கட்டளை ஒன்று, காரணம் இரண்டு. வேதமே தன் கட்டளைக்கு ஒரு முறைக்கு இரு முறை விளக்கம் தருகிறது. இதைக் கவனிக்காமல் ஏழு என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறவர், கட்டளையில் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்.

பிறகு யாத்திராகமம் முப்பத்தொன்று, இந்த நாள் தமக்கும் இஸ்ரவேலுக்கும் அடையாளம் என்கிறது. மாற்கு இரண்டில் இயேசு, நாள் மனுஷனுக்காக உண்டானது என்று தலைகீழாகத் திருப்பி வைக்கிறார். லூக்கா பதின்மூன்றில், பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஒரு பெண்ணை ஓய்வுநாளில்தான் நிமிர்த்துகிறார். எருசலேம் ஆலோசனைச் சங்கம், அதாவது அப்போஸ்தலர் பதினைந்து, புறஜாதிச் சபைகளின்மேல் நான்கே விஷயங்களை வைக்கிறது. அந்த நான்கில் ஓய்வுநாள் இல்லை. கொலோசெயர் இரண்டு, ஓய்வுநாள் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்கிறது. இவ்வளவையும் மேஜைமேல் பரப்பிய பிறகுதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சகோதரர்கள் இந்த இடத்தில் கேட்கும் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒன்பது கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு நான்காவதை மட்டும் நகர்த்த உங்களுக்கு அதிகாரம் தந்தது யார் என்கிறார்கள். சுலபமான கேள்வி அல்ல. கான்ஸ்டன்டைன் மன்னன் மாற்றினான் என்று அவர்களில் சிலர் தரும் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் போட்டது 321-இல். அதற்கு நூற்றறுபது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே ஜஸ்டின் என்ற ரத்தசாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளை வாசிப்பதையும், விதவைக்கும் அநாதைக்கும் சிறையிலிருப்பவனுக்கும் காணிக்கை சேர்ப்பதையும் ரோமப் பேரரசனுக்கு முறையீடாக எழுதியிருக்கிறார். மன்னன் மாற்றவில்லை, ஏற்கெனவே இருந்த வழக்கத்துக்கு விடுமுறை கொடுத்தான். அதிலும் நகரத்து நீதிமன்றத்துக்கும் பட்டறைக்கும்தான் லீவு. வயலில் உழுகிறவனுக்கு அன்றும் வேலை உண்டு.

ஆக, முதல் முந்நூறு வருஷம் ஞாயிறு வேலை நாள். ஜொகூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதலடையலாம். கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இந்தக் கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கலைந்து போகிறார்கள், பிறகு சாப்பிடத் திரும்பக் கூடுகிறார்கள் என்கிறார். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவரே எழுதுகிறார். சபையில் ஊழியம் செய்த பெண்கள் அவர்கள். ஏன் விடியுமுன்? விடிந்தால் எஜமான் கூப்பிடுவான். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசியதும், ஐத்திகு என்ற வாலிபன் மூன்றாம் மாடி ஜன்னலில் தூங்கி விழுந்ததும் நமக்குத் தெரியும். பிரசங்கம் நீளம் என்று சிரிப்போம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த பையனாக இருக்கலாம் என்று யோசிக்கிறோமா? பாசிர் கூடாங்கில் ஷிப்டு முடித்து நேராகச் சபைக்கு வந்து கடைசி வரிசையில் கண் சொக்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம். நடந்ததைச் சொல்லும் பகுதியும் இப்படிச் செய் என்று கட்டளையிடும் பகுதியும் ஒன்றல்ல. துரோவாவில் முதல் நாளில் கூடினார்கள் என்பது செய்தி. அதை வைத்தே ஞாயிறு கட்டாயம் என்றால், மாடியறையில் கூடுவதும் நடுராத்திரி வரை பேசுவதும் கட்டாயமாகிவிடும். பிந்தியதை நம் பாஸ்டர்மார் சிலர் ஏற்கெனவே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

அப்படியானால் ஞாயிறு எதற்கு? இங்கேதான் நமக்கு முன்னால் படித்தவர்களிடம் போக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கட்டளையை இரண்டாகப் பிரித்தார்: கடவுளுக்கென்று நேரம் ஒதுக்குவது என்றைக்கும் மாறாத ஒழுக்கம்; இந்த நாள்தான் என்பது சடங்கு முறைமை. 1530-இல் லுத்தரன்மார் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கை இன்னும் துணிச்சலானது. ஞாயிறு கட்டாயம் என்று நினைப்பதே தப்பு, ஜனங்கள் எப்போது கூடுவதென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சபை ஏற்படுத்திய ஒழுங்கு அது என்கிறது. 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை மறுபக்கம் நிற்கிறது: உயிர்த்தெழுதலோடு ஓய்வுநாளே முதல் நாளுக்கு மாறிவிட்டது, அது உலக முடிவு வரை நிற்கும். ஜொகூரில் சீனச் சபைகள் பலவற்றுக்குப் பிரஸ்பிட்டேரியன் வேர் இருக்கிறது. அவர்களுக்கு வந்தது இந்த வெஸ்ட்மின்ஸ்டர் வழி. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளின் விசுவாசக் கட்டுரைகள் பழைய ஏற்பாட்டின் சடங்குச் சட்டம் நம்மைக் கட்டாது, ஒழுக்கச் சட்டம் கட்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டன. எது எந்தப் பக்கம் என்பதை நம்மிடமே விட்டுவிட்டன.

எனக்கு ஆக்ஸ்பர்க்தான் சரியாகப் படுகிறது. ஞாயிறு, கிறிஸ்து எழுந்த நாள் என்பதால் சபை அன்போடு தேர்ந்துகொண்ட நாள். சீனாய் மலையிலிருந்து இறங்கிய நாள் அல்ல. ஆனால் அதோடு விட்டால் 'எந்த நாளும் ஒன்றுதான்' என்று சொல்லி எந்த நாளும் வராதவருக்கு வசதியாகிவிடும். கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயர் பத்து அவரைத் தடுக்கிறது. லுத்தரும் தம் பெரிய ஞானோபதேசத்தில் இந்தக் கட்டளையை விளக்கும்போது, வாரமெல்லாம் உழைக்கும் வேலைக்காரர்கள் இளைப்பாற ஒரு நாள் வேண்டும் என்பதை மறக்கவில்லை. உபாகமத்தை முழுதாகப் படித்தவர் அவர்.

இப்போது நம் தமிழ்நாட்டுக் கதை ஒன்று. உங்களில் சிலருக்குத் திருநெல்வேலிச் சீமைதான் பூர்வீகம். நாசரேத்துக்குப் பக்கத்தில் இன்று பிரகாசபுரம் என்று அழைக்கப்படும் ஊரில், 1857-இல் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை தனிச்சபை ஒன்றைத் தொடங்கினார். மிஷனில் வேலை பார்த்தவர். மிஷனெரியோடு மோதி வேலையிழந்தவர். இதற்கிடையில் 1849-இல் ராபர்ட் கால்டுவெல் சாணார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்தது. தம் மக்களைத் தாழ்த்தி எழுதியிருப்பதைக் கண்டு சட்டம்பிள்ளை கொதித்தார். வெள்ளைக்கார மிஷனெரிகளை விட்டு விலகி வேதத்தைத் தாமே திறந்தார். அங்கே சனிக்கிழமை ஓய்வுநாள் இருந்தது, பண்டிகைகள் இருந்தன, தூபம் இருந்தது, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவது இருந்தது. எல்லாவற்றையும் சபைக்குள் கொண்டுவந்தார். நற்கருணைக்குப் புளித்த மதுவை விட்டுத் திராட்சைச் சாறு வைத்தார்.

'மிஷனெரிகளே, வேதமே மேலான அதிகாரம் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் நீங்கள். நீங்கள் செய்கிறவற்றில் எவ்வளவு வேதம், எவ்வளவு ஐரோப்பா?' அவருடைய சபை முழுவதுமே இப்படியொரு கேள்வியாக நின்றது. இந்தக் கேள்விக்கு அன்றைய மிஷனெரிகளிடம் நல்ல பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேதத்தை எஜமானனுக்கு எதிராகவே திருப்பி வாசிக்க ஒரு தமிழரால் முடிந்தது. சீர்திருத்தச் சபைகளின் கொள்கையை நிஜமாகவே நம்பியவர் அவர்தான். அவர் எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. கேள்வி தொடங்கிய இடத்திலேயே, பழைய ஏற்பாட்டின் வாசலிலேயே, அவர் நின்றுவிட்டதாக நினைக்கிறேன். எருசலேம் சங்கம் புறஜாதியாருக்குத் திறந்துவிட்ட கதவு வழியாகவே அவர் இன்னும் தாராளமாகத் தூபமும் போட்டிருக்கலாம், விழுந்தும் வணங்கியிருக்கலாம். மோசேயின் அனுமதி அதற்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் காயப்பட்ட ஒருவர் செய்த விளக்கம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. காயப்படுத்தியவரும் தம் சாய்வோடுதான் படித்தார்.

சாய்வு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கியது 1706-இல். அந்த மிஷனின் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதற்குச் சொன்ன சமாதானம், சாதி சமூக வழக்கம், மதவிஷயம் அல்ல என்பது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்பாவலரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வழக்கத்தின் பக்கம் நின்று எழுதியிருந்தார். எல்லாரும் வேதம் அறிந்தவர்கள்தான். 'சாதி' என்று தடைசெய்யும் வசனம் இல்லையே என்று கேட்டார்கள், இல்லைதான். ஆனால் ஒன்று கொரிந்தியர் பதினொன்றைப் படித்துப் பாருங்கள். திருவிருந்துக்கு வந்தவர்களில் ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வயிறு நிறையச் சாப்பிட, பவுல் இது கர்த்தருடைய விருந்தே அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வசனம் பேசாத இடத்தில் பந்தி பேசும். ஒரு விளக்கம் சபையில் பலவீனனை எங்கே உட்கார வைக்கிறது என்று பார்த்தால், அது நல்ல விளக்கமா என்று பாதி தெரிந்துவிடும். கடல் தாண்டி வந்தோம். வரன் பார்க்கும்போது மட்டும் சபையைக் கேட்டுவிட்டு அடுத்ததாக எதைக் கேட்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

கருத்து ஒன்றாகாமல் போனால் என்ன செய்வது? கிட்டத்தட்ட 155-ஆம் ஆண்டில் சிமிர்னாவின் பேராயர் போலிகார்ப், வயது முதிர்ந்தவர், ரோமாபுரிக்கு வந்தார். ஆசியாச் சபைகள் பஸ்காவை யூத மாதத்தின் பதினான்காம் தேதியில், எந்தக் கிழமையானாலும் ஆசரித்தன. ரோமாபுரியில் ஞாயிறு. போலிகார்ப்பும் ரோமாபுரிப் பேராயர் அனிசேட்டசும் பேசிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை. என்ன செய்தார்கள்? அனிசேட்டஸ் தம் ஆலயத்தில் போலிகார்ப்பையே நற்கருணை நடத்தச் சொல்லி விலகி நின்றார். சமாதானமாகப் பிரிந்தார்கள். ஏறக்குறைய 190-இல் விக்டர் என்ற ரோமாபுரிப் பேராயர் இதே காரணத்துக்காக ஆசியாச் சபைகளைத் தள்ளிவைக்கப் புறப்பட்டபோது, ஐரேனியு என்ற இன்னொரு பேராயர் இந்தப் பழைய சம்பவத்தை எழுதி அவருக்கு நினைவுபடுத்தினார். கடைசியில் 325-இல் நிசேயா சங்கம் ஞாயிறு என்று முடிவு செய்தது. நூற்றெழுபது வருஷம் சபை அவசரப்படாமல் இருந்தது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தாரா என்பதில் போலிகார்ப் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். எந்த நாளில் அதைக் கொண்டாடுவது என்பதிலோ, தம்மோடு உடன்படாதவரின் ஆலயத்திலேயே நற்கருணை நடத்தினார். எது உயிர்நாடி, எது ஒழுங்கு என்று பிரித்தறியும் இந்தப் பக்குவம் யூடியூப்பில் வேதம் படிக்கிறவர்களுக்கு அரிதாகத்தான் வாய்க்கிறது. அங்கே எல்லாமே உயிர்நாடி. ஒத்துக்கொள்ளாதவன் எல்லாம் அந்திக்கிறிஸ்து.

ஞாயிறு திரும்பி வந்துவிட்டது. ஆராதனையைப் பழையபடி காலைக்கே வைத்துவிடலாம், இனி வெள்ளி, சனி, மாலை ஒன்றும் வேண்டாம் என்று நிர்வாகக் குழுக்கள் தீர்மானிப்பது இயல்பு. தீர்மானிக்குமுன் ஒரு வேண்டுகோள். இந்த நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், ஜாகா வேலை பார்க்கும் பெரியவர், பேரங்காடியில் நிற்கும் பெண்பிள்ளை, ஷிப்டுத் தொழிலாளி, இவர்களுக்கு விடுமுறை மாற்றத்தால் ஒன்றும் மாறவில்லை. பதினோரு வருஷம் நீங்கள் நடத்திய அந்த மாலை ஆராதனையில்தான் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதை மூடாதீர்கள். பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றாலும் மூடாதீர்கள். உங்கள் சபையின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தைப் பன்னிரண்டாம் வசனம் முதல் பதினைந்து வரை வாசித்துவிட்டு இந்தத் தீர்மானத்தை எடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.